வாய்க்குள் மூன்று விரல் நுழைகிறதா?

வெற்றிலை பாக்கு, பான் மசாலா போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே இதைச் செய்து பாருங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைக்கச் சொல்லுங்கள். முன்பு நுழைந்தது இப்போது இரண்டு விரலோடு நின்றுவிட்டால், கன்னத்தின் உட்சதை நாராக இறுகிவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரசம் சோறு கூட எரிகிறது என்பார்கள். அதை அல்சர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே இதற்குப் போதும்.

அப்புறம், வாய்ப்புற்றுநோயின் அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துக் கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி எல்லாம் பாருங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். பூஞ்சைத் தொற்று என்றால் பெரும்பாலும் உரிந்து வந்துவிடும். உரியாத வெள்ளை, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கூரான பல் உரசி வந்த புண் என்றால் மருத்துவர் பல்லை ராவிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார். அப்போதும் ஆறாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது அதில் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார். சதை எடுத்தால் நோய் பரவும் என்று பயந்து மறுக்காதீர்கள். அப்படிப் பரவாது.