எண் சரி, இணைப்பு மட்டும் தவறு
பாம்பன் கருவாட்டுக் கடைத் தளத்தில் நெத்திலி, சீலா, வாளை விலைக்குக் கீழே வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். தொட்டால் எண் செல்லாது என்றது. மூன்று நாள் போனது.

கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் 0 எதுவும் இருக்கக்கூடாது, எடுத்தேன். கேஷ் அழித்தேன். படங்களை 4 எம்பியிலிருந்து 150 கேபிக்குச் சுருக்கினேன். பக்கம் வேகமானது, அவ்வளவுதான்.

பொத்தானில் கொடுத்திருந்த இணைப்பை (wa.me/91 என்று தொடங்கி, பிறகு மொபைல் எண்) நோட்பேடில் ஒட்டி அம்புக்குறி விசையால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தேன். சாய்வுக்கோட்டுக்கும் 91-க்கும் நடுவே ஒரு அழுத்தத்துக்குக் கர்சர் அசையவில்லை. காண்டாக்டிலிருந்து காப்பி செய்தபோது, எழுத்துத் திசையைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறி ஒட்டி வந்திருக்கிறது. (எண்ணை எத்தனை முறை சரிபார்த்தாலும் சரியாகத்தானே தெரியும்!)

சாய்வுக்கோடு உட்பட அழித்து, அதையும் 12 இலக்கத்தையும் கையால் அடித்தேன். திறந்தது. அழைப்புப் பொத்தானிலும் அதே காப்பிதான், அதையும் மாற்றினேன்.