ஓடிஏ அப்டேட்: புது ஃபர்ம்வேருக்கு 'சரி' சொல்வது யார்?

ஓடிஏ என்றால் கேபிள் இல்லாமல், வைஃபை போன்ற வழியில் போர்டின் உள் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, மாற்றுவது. மேசைமேல் இருக்கும் போர்டுக்கு அப்டேட் அனுப்புவது சுலபம். கெட்டுப்போனால் யூஎஸ்பி கேபிளைச் செருகி மறுபடி எழுதிக்கொள்ளலாம். அதே போர்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெட்டிக்குள் இருந்தால், தப்பான ஃபைல் போன அன்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நாம்தான் ஏறவேண்டும். பலர் கையில் புழங்கும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பை வைத்தே சொல்கிறேன். மற்ற சிப்களிலும் கதை பெரிதாக மாறாது.

எல்லோரும் பயப்படுவது பாதியில் கரண்ட் போவதற்கு. அது ஏறக்குறைய தீர்ந்த பிரச்சினை. ஃப்ளாஷ் நினைவகத்தில் ஃபர்ம்வேருக்கு இரண்டு ஸ்லாட், அதாவது இடம், உண்டு. ஒரு ஸ்லாட்டில் பழையது ஓடிக்கொண்டிருக்க, புதியது மற்றதில் எழுதப்படும். எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்புக்கும் 4 கேபி செக்டார் இரண்டு உண்டு. ஒன்றை அழித்து எழுதும்போது கரண்ட் போனாலும் மற்றதில் முந்தைய குறிப்பு பத்திரமாக இருக்கும். கோட்டை விடுவது ஸ்லாட் அளவில்தான். 4 எம்பி ஃப்ளாஷுக்கு ஈஎஸ்பி-ஐடிஎஃப் (சிப் நிறுவனத்தின் மென்பொருள் கிட்) தரும் தயார் பார்ட்டிஷன் டேபிளில், அதாவது ஃப்ளாஷை எப்படிப் பிரிப்பது என்ற பட்டியலில், முதலில் ஏற்றும் ஃபேக்டரி ஃபர்ம்வேருக்கு 1 எம்பி, இரண்டு ஓடிஏ ஸ்லாட்டுக்கும் தலா 1 எம்பி. வைஃபையோடு ப்ளூடூத்தையும் சேர்த்தால் அது பெரும்பாலும் போதாது. பார்ட்டிஷன் டேபிளுக்கு மாற்றுப் பிரதி கிடையாது என்பதால், பிறகு தூரத்திலிருந்து அதில் கைவைப்பது சூதாட்டம். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி முதலிலேயே தாராளமாக விட்டுவிடுங்கள்.

பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஃபைல் முழுசாக இறங்கியது, ஹேஷ் (ஃபைல் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்தியது, பூட்டும் ஆனது. அப்டேட் முடிந்ததா? இல்லை. வைஃபை பாஸ்வேர்டைப் படிக்கும் இடத்தில் ஒரு பக் இருந்தால், போர்டு ஜோராக ஓடும், எல்ஈடி சிமிட்டும், சர்வரை மட்டும் எட்டாது. அதைத் திருத்தும் அடுத்த அப்டேட்டையும் வாங்க முடியாது. இதற்குத்தான் ரோல்பேக். புது ஃபர்ம்வேர் 'நான் சரியாக இருக்கிறேன்' என்று தானே குறிக்காமல் ரீஸ்டார்ட் ஆனால், போர்டு எழும்போது முதலில் ஓடும் பூட்லோடர் பழையதற்குத் திரும்பிவிடும். ஐடிஎஃப்-இல் இந்த வசதியை நாமாகத்தான் இயக்கவேண்டும். இயக்கியவர்களிலும் பலர் மெயின் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே 'சரி' போட்டுவிடுகிறார்கள். பரீட்சை எழுதும் முன்பே பாஸ் போடுகிற கதை! அர்டுயினோவில் இன்னும் மோசம்: தள்ளிப்போடச் சொல்லி நாம் எழுதாவிட்டால், நம் செட்டப் ஃபங்ஷன் தொடங்கும் முன்பே அதுவே குறித்துவிடும்.

என் கணக்கில் 'சரி' போடும் இடம் ஒன்றுதான். புது ஃபர்ம்வேர் சர்வரைத் தொட்டு, அப்டேட் இருக்கிறதா என்று கேட்டு, ஒழுங்கான பதில் வாங்கிய பின். பத்து நிமிடத்தில் அது நடக்காவிட்டால் தானாக ரீஸ்டார்ட். ஹேங் ஆகி நின்றால் வாட்ச்டாக் (நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்யும் டைமர்) எழுப்பட்டும். இன்டர்நெட் போயிருந்த நேரத்தில் நல்ல ஃபர்ம்வேரும் திரும்பிவிடுமே என்பீர்கள். திரும்பட்டும், நாளைக்கு மறுபடி முயலலாம்.

மாடல் மாறிப்போவதும் நடக்கும். 2017 ஆகஸ்டில் ஸ்மார்ட் பூட்டுகள் செய்யும் லாக்ஸ்டேட் நிறுவனம் வேறு மாடலுக்கான ஃபர்ம்வேரைத் தன் 6ஐ பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் முடங்கின. ஓடிஏ வழியே அவற்றைச் சரிசெய்யவும் முடியவில்லை. எனவே எந்த போர்டுக்கானது என்பதை இமேஜுக்குள்ளேயே (ஃபர்ம்வேர் ஃபைல்) எழுதி, சர்வரை நம்பாமல் போர்டே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபைல் நம்மிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் கையொப்பச் சோதனையும் அங்கேயே நடக்கட்டும். ஹேஷ் மட்டும் போதாது. ஃபைலை மாற்றத் தெரிந்தவனுக்கு ஹேஷையும் மாற்றத் தெரியும்.

சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் விஷயம் மெதுவாகக் கடிக்கும். பேட்டரி இல்லாத போர்டுக்கு கரண்ட் வந்ததும் தேதி 1970. தேதிச் சோதனையை இயக்கியிருந்து, நேரத்தை வாங்காமல் டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்புக்குப் போனால், சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கே வரவில்லை என்று அது மறுக்கும். அந்தச் சான்றிதழை நம்ப போர்டில் வைத்திருக்கும் ரூட் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 காலாவதியானபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் பல தடுமாறின. ரூட்டை மாற்றும் அப்டேட், பழையது சாகும் முன்பே போய்ச் சேரவேண்டும்.

எல்லாக் கருவிகளும் ராத்திரி 2 மணிக்கே சர்வரைத் தட்டும்படி வைக்காதீர்கள். நேரத்தைச் சிதறவிட்டு, முதலில் பத்து கருவிகளுக்கு அனுப்பி ஒருநாள் பாருங்கள்.

வெளியிடும் முன் நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. பழையதிலிருந்து புதியதற்குப் போகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், புதியதன் வெர்ஷன் எண்ணை மட்டும் ஒன்று கூட்டி இன்னொரு இமேஜ் செய்து, புதியதிலிருந்து அதற்கும் போகிறதா என்று பார்ப்பேன். நடுவில் இரண்டு மூன்று தடவை பிளக்கைப் பிடுங்குவதும் உண்டு.