பினான்சியே கேக்: வெண்ணெய் காய்ச்சும் பதம்
பிரான்சில் தங்கக் கட்டி வடிவ அச்சில் ஊற்றிச் சுடப்படும் பினான்சியே என்னும் சிறிய பாதாம் கேக்கின் மணம், பாதாமிலிருந்து வருவதைவிட, பழுப்பாகும்வரை காய்ச்சிய வெண்ணெயிலிருந்தே பெரிதும் பிறக்கிறது. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை, நிறம் தெளிவாகத் தெரியும் பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்தால், நீர் வற்றும்போது படபடவெனச் சத்தம் எழும். அச்சத்தம் அடங்கி, நுண்ணிய நுரை பொங்கி, அடியில் படியும் துகள்கள் வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்துக்கு வந்த உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையெனில் இருக்கும் சூட்டிலேயே அது கருகிக் கசந்துவிடும். நெய் காய்ச்சிப் பழகிய கைக்கு இது எளிது. ஆனால் இங்கே கசடை வடிகட்டி எறியக் கூடாது, சுவையே அதில்தான் இருக்கிறது.

பாதாம் மாவு 80 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், மைதா 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, நான்கு முட்டைகளின் வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்காமல் அப்படியே ஊற்றிக் கிளறி, வெதுவெதுப்பான வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். மாவை ஒரு மணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வெண்ணெய் தடவிய சிறு அச்சுகளில் முக்கால் பங்கு நிரப்பி, 190 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடங்கள், ஓரங்கள் ஆழ்ந்த பொன்னிறமாகும்வரை சுடவும். ஓரத்தின் மொறுமொறுப்பு மறுநாள் தளர்ந்துவிடும் என்பதால் சுட்ட அன்றே பரிமாறுவது நன்று.