குஞ்சுக்கு தீனிப்பை வீங்கிருக்கா, கழிச்சலா? மாத்திரைக்கு முன்னாடி இத பாருங்க

மழை ஆரம்பிச்சா போதும், வியாசர்பாடி கொடுங்கையூர் பக்கம் மொட்டமாடில கோழி வளக்குறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், குஞ்சு சுருண்டு உக்காந்துக்குது, கழியுது, இன்னா மாத்திர குடுக்கலாம்னு. மெடிக்கல்ல டெட்ராசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கி உடச்சு தண்ணில கொட்டிட்டா வேல முடிஞ்சுதுன்னு ஒரு நெனப்பு எங்க ஏரியால ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. நெறைய கேசுக்கு அது ஒண்ணும் பண்ணாது, சிலதுல இன்னும் மோசமாக்கும். கோளாறு மேல தீனிப்பைலயா, கீழ குடல்லயான்னு மொதல்ல கண்டுபிடிங்க, மருந்துலாம் அப்பால.

தீனிப்பை எங்க இருக்குன்னா கழுத்து முடியுற எடத்துல, நெஞ்சுக்கு மேல, கோழியோட வலது பக்கமா. தின்னதெல்லாம் அங்கதான் மொதல்ல சேரும், ஊறும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். சாயங்காலம் அடையுறப்போ நல்லா ரொம்பி இருக்கணும், காலைல தீனி போடறதுக்கு முன்னாடி காலியா இருக்கணும். அதனால கை வெச்சு பாக்க வேண்டிய நேரம் காலைலதான், மத்தியானம் தொட்டுப் பாத்துட்டு ஐயோ கட்டின்னு பதறாதீங்க, அது சாப்ட்டுட்டு நிக்குது அவ்ளோதான். இதுல ஒண்ணு கவனிக்கணும், சின்ன குஞ்சுக்கு ராத்திரி பூரா குண்டு பல்பு எரியுதுன்னா அது ராத்திரியும் தின்னுட்டேதான் இருக்கும், காலைல காலியா இருக்காது. அப்டின்னா தீனிய மட்டும் ஒரு மூணு நாலு மணி நேரம் எடுத்துட்டு, தண்ணிய விட்டுட்டு, திரும்ப தொட்டுப் பாருங்க.

கெட்டியா, அமுக்கினா அமுங்காம இருந்தா உள்ள எதோ அடைச்சிருக்கு. வெளியூர்ல நீளப் புல்லு தின்னு அடைக்கும்னு சொல்வாங்க, நம்ம பக்கம் புல்லு எங்க கீது, இங்க பூ கட்டுற நாரு, மாஞ்சா நூலு, சாக்கு பிரிஞ்ச இழை, வலை நைலான், அப்புறம் தெர்மாகோல். காசிமேடு ராயபுரம் பக்கம் மீன் பொட்டி தெர்மாகோல் தெருவுல ஒடஞ்சு கெடக்கும், கோழிக்கு அது மேல அப்டி ஒரு ஆச, விட்டா பொட்டியவே முடிச்சிரும். மரத்தூள் பரப்புனாலும் மொத வாரத்து குஞ்சு அதையும் தீனின்னு நெனச்சு தின்னும், உமி இல்லன்னா கடலத்தோல் போடுங்க, மொத ரெண்டு மூணு நாள் அது மேல கூட அட்டைய விரிச்சு வெக்கிறது நல்லது. வழவழன்னு இருக்குற நியூஸ்பேப்பர் வேணாம், கால் வழுக்கி அகண்டுரும்.

அடைச்ச குஞ்ச தனியா எடுத்து வைங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆனதுன்னா கெட்டித் தீனிய அரை நாள் நிறுத்தலாம், தண்ணி இருக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு கீழ இருக்குறத பட்டினி போடாதீங்க, தாங்காது, தீனிய தண்ணியா கரைச்சு கொஞ்சமா குடுங்க. தேங்காண்ணெய் வெதுவெதுன்னு சூடு பண்ணி, சின்னதுக்கு ரெண்டு மூணு சொட்டு, அலகோட ஓரத்துல ஒவ்வொண்ணா விடணும். நேரா தொண்டைக்குள்ள பீச்சக்கூடாது, மூச்சுக்குழாயோட வாய் நாக்குக்கு பின்னாடியே இருக்கு, எண்ண அதுக்குள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது. அப்புறம் தீனிப்பைய விரலால மெதுவா உருட்டி உருட்டி தேச்சு விடுங்க, ஒரு அஞ்சு நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவ. தல கீழா புடிச்சு வாந்தி எடுக்க வெக்கிறத சில பெரியவங்க பெருமையா செஞ்சு காட்டுவாங்க, செய்யாதீங்க, நுரையீரலுக்கு போயிரும். வாய்ல நூல் தொங்குச்சுன்னா இழுக்காதீங்க, அடுத்த முனை எங்க சுத்திக்கினு இருக்குன்னு நமக்கு தெரியாது, டாக்டர்கிட்ட போங்க. ஒரு நாள் தேச்சும் கரையலன்னாலும் அதேதான், அவங்க சின்னதா கீறி எடுத்துட்டு தையல் போடுவாங்க.

இன்னொரு வகை கெட்டியா இல்லாம தண்ணி பலூன் மாதிரி கொழகொழன்னு இருக்கும், வாய் கிட்ட மோந்தா புளிச்ச வாடை அடிக்கும். இது ஈஸ்ட் பூஞ்சை வேல. ஆன்டிபயாடிக் குடுத்து நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போனா காலி எடத்துல இது வளந்துரும், மேல சொன்ன டெட்ராசைக்ளின் கதை இதான். இன்னொரு காரணம் ஊறவெச்ச தீனி, நேத்து சோறு. சென்னை வெயில்ல தண்ணில பெசஞ்ச தீனி ரெண்டு மூணு மணி நேரத்துலயே புளிக்க ஆரம்பிக்கும், காலைல பெசஞ்சு வெச்சுட்டு வேலைக்கு போய் சாயங்காலம் வந்து மிச்சத்த அப்டியே விடுறவங்க வீட்லதான் இது அதிகம். பாத்திரத்த தேச்சு கழுவுங்க, காஞ்ச ஸ்டார்ட்டர் தீனிக்கு, அதான் குஞ்சுக்குன்னே கடைல விக்கிறது, அதுக்கு மாறுங்க. பூஞ்சைக்கு மருந்து நிஸ்டாடின், அளவ டாக்டர் எட பாத்து சொல்லுவாரு. மயில்துத்தம் கரைச்சு குடுன்னு யாராச்சும் சொன்னா கேட்டுக்கோங்க, ஆனா செய்யாதீங்க, கொஞ்சம் கூடினாலும் அது வெஷம்.

ஸ்டார்ட்டர் மட்டும் தின்ற குஞ்சுக்கு மணல் தேவையில்ல. கீரை, நொய், பூச்சின்னு ஆரம்பிச்சீங்கன்னா குருணை மணல் கொஞ்சம் வைங்க, பல்லு இல்லாததுக்கு அதான் அரைக்கும். பீச் மணல்னா உப்பு போக நல்லா அலசிட்டு வைங்க. அதே காரணத்துக்காக கருவாட்டுத் தலை, ஊறுகா, மிக்சர் எதுவும் வேணாம், குஞ்சுக்கு உப்பு ஆகாது, தண்ணிய தண்ணியா குடிச்சு தண்ணியாவே போகும், அத நீங்க கழிச்சல்னு நெனப்பீங்க.

இப்போ கீழ வருவோம். பொறந்த மொத வாரத்துல பின்னாடி எச்சம் காஞ்சு ஒட்டி அடைச்சுக்கும், அத அப்டியே விட்டா குஞ்சு எச்சம் போட முடியாமயே செத்துரும். பிச்சு எடுக்காதீங்க, தோலோட வரும். வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு ஊறவெச்சு ஊறவெச்சு எடுத்துட்டு, நல்லா தொடச்சு ஈரம் இல்லாம காயவெச்சு, கொஞ்சம் தேங்காண்ணெய் தடவுங்க. ஜாக்கிரத, எச்சம் போற எடத்துக்கு கீழ வயித்துல ஒரு சின்ன கருப்பு பொருக்கு இருக்கும், அது தொப்புள், அத அழுக்குன்னு நெனச்சு உரிச்சுடாதீங்க. இது திரும்பத் திரும்ப வருதுன்னா சூடு சரியில்லன்னு அர்த்தம். மொத வாரம் பல்புக்கு கீழ 35 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கணும், வாரத்துக்கு 3 டிகிரி கொறைச்சுட்டே வரலாம். ஆனா மே மாசம் தகரக் கூரைக்கு கீழ அந்த பல்பு எதுக்கு, தெர்மாமீட்டர விட குஞ்ச பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்துனா குளிருது, றெக்கைய விரிச்சு வாய தொறந்துக்கினு ஓரமா ஒதுங்குனா வேகுது. தெருவுல விக்கிற கலர் குஞ்சு வாங்கிட்டு வந்தா இதெல்லாம் இன்னும் அதிகமா பாக்கணும், அதுங்க சூடு தண்ணி எதுவும் ஒழுங்கா இல்லாம கூடைல ஊரெல்லாம் சுத்தி வந்ததுங்க.

எல்லா எச்சமும் நோய் இல்ல. மேல வெள்ளையா தொப்பி மாதிரி இருக்குறது அதோட மூத்திரம்தான். ஒரு நாளைக்கு சில தடவ கடுகு கலர்ல, சாக்லேட் கலர்ல பேஸ்ட் மாதிரி கப்புன்னு நாத்தமா போடும், அதுவும் சரிதான். வெயில் நாள்ல தண்ணியா போறதும் குடிச்ச தண்ணிதான்.

பயப்பட வேண்டியது ரத்தக்கழிச்சல். மூணுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள அதிகமா வரும், றெக்கை தொங்கும், சிலுத்துக்கினு நிக்கும், எச்சத்துல ரத்தம் இல்லன்னா பழுப்பு சளி இருக்கும், ரத்தம் தெரியாமலும் வரும். காக்சிடியான்னு ஒரு ஒட்டுண்ணி, அதோட முட்டை ஈரமான தரைல ரெண்டு நாள்லயே அடுத்த குஞ்சுக்கு பரவ ரெடியாயிரும், அக்டோபர் நவம்பர் மழைல நம்ம மாடில உமி காயவே காயாதே, அதான் அந்த நேரத்துல வரிசையா விழுது. மருந்து ஆம்ப்ரோலியம், கால்நடை மருந்துக் கடைல கெடைக்கும். 20 சதவீத பவுடர்னா வழக்கமா லிட்டருக்கு 1.2 கிராம், தெனம் புதுசா கலந்து 3 முதல் 5 நாள், வேற தண்ணி வெக்கக்கூடாது, ஒண்ணுக்கு வந்தாலும் கூட இருக்குற எல்லாத்துக்கும் குடுக்கணும். அப்புறம் அளவ கொறைச்சு ஒண்ணு ரெண்டு வாரம் தொடரணும், டப்பால போட்டிருக்குறது வேற மாதிரி இருந்தா டப்பா சொல்றததான் கேளுங்க. இது நெறைய பேருக்கு தெரியாது, அந்த நாள்ல பி காம்ப்ளெக்ஸ் டானிக் குடுக்காதீங்க, ஒட்டுண்ணிக்கு பி1 விட்டமின் போகாம தடுத்துதான் இந்த மருந்து வேல செய்யுது, நீங்க அதையே ஊத்துனா ரெண்டும் வீண். டானிக்க மருந்து முடிஞ்சப்புறம் குடுங்க. பினாயில் ஊத்தி கழுவுனா இந்த முட்டை சாகாது, நனைஞ்ச உமிய அள்ளி எடுத்துட்டு கொதிக்கிற தண்ணி ஊத்தி வெயில்ல காயவிடணும்.

வெள்ளைக்கழிச்சல் வேற, அது ராணிக்கெட் வைரஸ். பச்சையும் வெள்ளையுமா போகும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகிக்கும், தீனிப்பைலயும் தண்ணி சேந்துக்கும். வந்தப்புறம் மருந்து கெடையாது. சீரகம் மிளகு மஞ்சள் கீழாநெல்லி அரைச்சு உருண்ட குடுக்குறத நான் வேணாம்னு சொல்லல, கொஞ்சம் தெம்பு வரலாம், வைரஸ அது கொல்லாது. ஏழு நாள் குஞ்சுக்கு கண்ணுல சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி, ரெண்டையும் போட்டுடுங்க.

எந்தக் கழிச்சலா இருந்தாலும் குஞ்சு ஒடம்புல தண்ணி வத்தி காஞ்சுபோயிரும், அதனால ஆம்ப்ரோலியம் தண்ணி வெக்கிற நாள் தவிர, ஓஆர்எஸ் பாக்கெட்ட சொன்னத விட ரெண்டு மடங்கு தண்ணில கலந்து ஒரு நாள் வைங்க. குஞ்ச தொட்ட கைய சோப்பு போட்டு கழுவுங்க, கோழி எச்சத்துல இருக்குற சால்மோனெல்லா கிருமி மனுஷனுக்கும் வரும், பசங்க அதுக்கு முத்தம் குடுக்குறத நிறுத்துங்க.

ஒரு நாள்ல சரியாகலன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு காலைலயே போயிருங்க, 1903ல ஆரம்பிச்ச காலேஜ், நமக்கு பக்கம்தான். ஓட்ட போட்ட அட்டப்பொட்டில குஞ்ச வெச்சு, எச்சத்த போட்டோ எடுத்துக்கினு, இதுவரைக்கும் குடுத்த மருந்து அட்டையையும் தூக்கினு போங்க, மறைக்காதீங்க. ஒண்ணு செத்துப்போச்சு, மத்தது சோந்துக்கினே வருதுன்னா செத்தத குப்பைல போடாம கவர்ல கட்டி ஐஸ்ல வெச்சு அன்னிக்கே எடுத்துனு போங்க, ஃப்ரீசர்ல வேணாம், உறைஞ்சு போனா அறுத்துப் பாக்குறப்போ ஒண்ணும் சரியா தெரியாது.