கட்டிக்குள் ரத்தக் குழாய்களை எண்ணுவது எப்படி?

ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, புற்றுநோய்க் கட்டிக்குச் சொந்தமாக ரத்த வழி வேண்டும் என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் எழுதினார். ஆக்சிஜன் எட்டாத செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதற்கு இணங்கிப் பக்கத்துக் குழாய்கள் கிளைவிடுகின்றன. அவசரமாக முளைத்த அந்தக் குழாய்கள் கோணல்மாணலாக ஓடும், கசியும், சில இடங்களில் முட்டுச்சந்தாக நின்றுவிடும்.

மார்பகப் புற்றுத் திசுவில் இவற்றை எண்ண, திசுவை எடுத்தவுடன் 10% நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊறட்டும். திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவி, சிடி31 ஆன்டிபாடியால் சாயமேற்றுங்கள்; குழாயின் உட்சுவர்ச் செல்களில் உள்ள சிடி31 புரதத்தில் அது ஒட்டி, அவற்றைப் பழுப்பாகக் காட்டும். செல்கருக்களை நீலமாக்கும் ஹீமடாக்சிலின் சாயம் இலேசாகவே இருக்க வேண்டும். நீலம் அடர்ந்தால் ஒற்றைச் செல்லின் பழுப்பு மறைந்துவிடும். அதே ஸ்லைடில் கட்டிக்கு வெளியே உள்ள இயல்பான குழாய்கள் பழுப்பேறவில்லையென்றால், அந்த ஸ்லைடை எண்ணாதீர்கள்.

எண்ணிக்கை தவறாவது பெரும்பாலும் இடத் தேர்வில்தான். 4 மடங்கு லென்ஸில் முழு ஸ்லைடையும் பொறுமையாகப் பார்த்து, குழாய்கள் நெருக்கமான மூன்று இடங்களைக் குறியுங்கள். அவை பெரும்பாலும் கட்டியின் விளிம்பை ஒட்டியே கிடைக்கும். செத்த திசுவும் தழும்பாக இறுகிய பகுதியும் வேண்டாம். பிறகு 20 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். பக்கத்துக் குழாயிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும் பழுப்புச் செல்லோ செல் கொத்தோ ஒரு குழாய். உட்குழி தெரிய வேண்டியதில்லை. தடித்த தசைச்சுவர் கொண்டவற்றை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மைக்ரோஸ்கோப்பிலும் பார்வைப் பரப்பு வேறுபடுவதால், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்றே எழுத வேண்டும். ஐபீஸில் (கண்ணருகு லென்ஸில்) பார்வைப் பரப்பு எண் 22 என்று பொறித்திருந்தால், 22-ஐ 20-ஆல் வகுக்க விட்டம் 1.1 மி.மீ.; பரப்பு சுமார் 0.95 சதுர மி.மீ. அதில் 57 குழாய்கள் இருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 60.

சிடி31 சாயம் மேக்ரோஃபேஜ், பிளாஸ்மா செல் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்களிலும் பிடிக்கும். அழற்சி மிகுந்த இடத்தில் செல்லின் வடிவத்தையும் பாருங்கள். குழாய்களைக் காட்டும் இன்னொரு ஆன்டிபாடியான சிடி34-க்கு மாறினால், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசுச் செல்களும் சாயமேறிக் குழப்பும். நிணநீர்க் குழாயோ என்று சந்தேகம் வந்தால் நிணநீர்க் குழாய்ச் செல்களில் ஒட்டும் டி2-40 ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பிரித்தறியலாம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குழாயின் தரத்தைச் சொல்ல முடியாது. பெரிசைட்கள் என்பவை குழாயை வெளியிலிருந்து போர்த்தித் தாங்கும் செல்கள். அவற்றைக் காட்டும் ஆல்ஃபா மென்தசை ஆக்டின் சாயத்தை இரண்டாவது நிறத்தில் சேர்த்து, பெரிசைட் உறை போர்த்திய குழாய்கள் எத்தனை சதவீதம் என்றும் கணக்கிடுங்கள். விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற மருந்துக்குப் பின் மொத்த எண்ணிக்கை குறைந்து, உறையுள்ளவற்றின் பங்கு கூடியிருக்கலாம். அதனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்லைடுகளை ஒப்பிடும் அறிக்கையில் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள்.