ஆள்குறைப்புப் பேச்சு அடிபடும்போது

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால்தான் ஆட்கள் ஒழுங்காக உழைப்பார்கள் என்று நம்பும் மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடப்பது வேறு. பயந்தவர் ராத்திரி 9 மணி வரை சீட்டை விட்டு எழமாட்டார், எல்லா மெயிலுக்கும் உடனே பதில் போடுவார். ஆனால் தவறை மறைப்பார், சந்தேகம் கேட்கமாட்டார், பக்கத்து சீட்காரருக்கு எதையும் சொல்லித்தரமாட்டார். ஊழியர்களைத் தரவரிசைப்படுத்தி, சிலரைக் கட்டாயமாகக் கடைசியில் வைக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. சக ஊழியரே போட்டியாளர் என்றால் கூட்டு வேலை எங்கே நடக்கும்?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று வாடகை, ஈஎம்ஐ, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். விடை சின்னதாக இருந்தாலும், எவ்வளவு என்றே தெரியாத பயத்துக்கு அது மேல். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். அப்புறம் ரெஸ்யூமைத் திருத்தி வையுங்கள். வேலையில் தவறு நேர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு தானாக வெளிவந்தால்தான் சிக்கல்.

டீம் லீடராக இருந்தால், ஆள்குறைப்பு பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். மழுப்பினால் மிச்சத்தை டீக்கடைப் பேச்சு நிரப்பிவிடும்.