கட்டிலுக்கடியில் ஒரு லூப் லைன்

என் பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. அப்பா ரயில்வேயில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தோடு நடந்து அதைச் சோதிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேரையும் ஒரே பலகையைச் சுற்றி உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் மாடல் ரயிலுக்குள் வந்தேன். உங்கள் வீட்டிலும் ஆரம்பிக்க நினைத்தால், எங்கள் அரக்கோணம் வீட்டில் கற்றுக்கொண்டது உதவும்.

ரயில் வாங்குவதற்கு முன் பலகைக்கு இடம் பாருங்கள். தரையில் தண்டவாளம் விரித்தால் தலைமுடியும் தூசியும் எஞ்சினின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நாங்கள் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்று, 12 மி.மீ. கனத்தில் வாங்கி, 5 அடியில் அறுக்கச் சொன்னோம். ஆரம்ப செட்டுகளில் பெரும்பாலும் 18 அங்குல ஆரமுள்ள வளைவுகள்தான் வரும். வட்டம் 3 அடி விட்டம். 5க்கு 4 பலகையில் அது தாராளமாக உட்காரும், ஓரத்தில் கொஞ்சம் இடமும் மிஞ்சும். அடியில் ரீப்பர் கட்டை அடித்து, நாலு மூலையிலும் சின்ன சக்கரம் வையுங்கள். வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். மிச்சமுள்ள 3 அடித் துண்டைப் பத்திரமாக வையுங்கள், பிறகு ரயில்களை நிறுத்தி வைக்கும் யார்டு போட உதவும்.

அளவில் எச்ஓ (HO), என் (N) என்ற இரண்டும்தான் அதிகம் கிடைப்பவை. எச்ஓ நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ அளவு 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. சின்ன வீட்டுக்கு ‘என்’ அளவுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் விரலால் அந்தச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் உட்கார வைக்க முடியாது, அழுகைதான் வரும். குழந்தைகள் இருந்தால் எச்ஓ எடுங்கள். ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஓஓ (OO) அளவு ரயில்கள் 76-இல் ஒரு பங்கு என்றாலும் இடைவெளி அதே 16.5 மி.மீ. என்பதால் இதே பாதையில் ஓடும். நம் சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி 21 மீட்டருக்கு மேல் நீளம். எச்ஓ-வில் கிட்டத்தட்ட 25 செ.மீ. வரும். அவ்வளவு நீளப் பெட்டி 18 அங்குல வளைவில் வெளியே துருத்திக்கொண்டு போகும். முதலில் குட்டி டீசல் எஞ்சினும் குட்டை வேகன்களும் போதும்.

கரண்ட் விஷயத்தில் கவனம். எங்கள் செட்டை மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். பிரித்த வேகத்தில் நான் அடாப்டரை அப்படியே சுவரில் செருகினேன். அது அங்குள்ள 120 வோல்ட்டுக்கானது, நம் வீட்டில் வருவது 230. கருகிய வாசனையோடு அன்றைய ரயில் முடிந்தது. பெண்ணின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அடாப்டரில் ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 என்று இருந்தால்தான் நேராகச் செருகலாம்.

பாதை போடும் அன்றுதான் அப்பா உள்ளே வந்தார். ரயில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திக்கியது. நான் எஞ்சினைச் சந்தேகப்பட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு ஜாயிண்ட்டில் நகம் ‘டிக்’ என்று தட்டியது. “ஃபிஷ் பிளேட்டுல ஏறல பாரு, மேல உக்காந்திருக்கு” என்றார். ஒரு தண்டவாள முனை ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே ஏறி நின்றிருந்தது. இந்த நகச் சோதனையை எல்லா ஜாயிண்ட்டுக்கும் செய்யுங்கள். தடம் புரள்வதில் பெரும்பங்கு இங்கேதான். அந்த ஜாயிண்ட் சரியாகும்வரை பேரனை விட்டு மஞ்சள் அட்டையில், மெதுவாகப் போகச் சொல்லும் ஒரு காஷன் போர்டு நட வைத்தார்.

மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் சக்கரத்துக்கு ஏறுகிறது. அதனால் அழுக்குப் பாதையில் ரயில் விட்டுவிட்டு ஓடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பஞ்சில்லாத துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில்தான் அழுக்கு தங்கும்.

மலையும் புல்லும் எங்கள் வீட்டில் என் மனைவியின் இலாகா. வருடாவருடம் கொலுவுக்குப் பார்க் போட்ட கை. தெர்மாகோல் அடுக்கி, பேப்பர் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினாள். புல்லுக்குக் கோலப்பொடி வேண்டாம், பறந்து எஞ்சினுக்குள் போகும். சாயமேற்றிய மரத்தூளை ஃபெவிகாலில் ஒட்டுங்கள். ஜல்லிக்கு டீ வடிகட்டியில் சலித்த மணல் சரியாக இருக்கும். ஆனால் போடுவதற்கு முன் ஒரு காந்தத்தை மணலில் ஓட்டிப் பாருங்கள். கருந்துகள் ஒட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், மோட்டாரின் காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குகை வைத்தால் பின்பக்கம் கை நுழையத் திறப்பு விடுங்கள். மலை கட்டிலின் உயரத்துக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் கழற்றி வைக்கிற மாதிரி செய்யுங்கள்.

இரண்டு மாதம் ஒரே வட்டத்தில் ஓட்டிப் பழகிய பிறகுதான் ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் இரண்டு வாங்கி, பிரிந்துபோய் மறுபடி சேரும் லூப் லைன் போட்டோம். இப்போது பெண் நோட்டுப் புத்தகத்தில் டைம்டேபிள் எழுதுகிறாள். தாத்தா பச்சைக் கொடி காட்டாமல் திருத்தணி பாசஞ்சர் கிளம்பாது.